ஊட்டி பழைய வீட்டில் விறகு ஸ்டவ் வைக்கிறோம், பாதுகாப்புக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

தலைகுந்தாக்காரன்

வணக்கம். ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகும் பக்கத்தில் மாமனாருடைய பழைய வீடு இருக்கிறது. இதுவரை மே மாதம் வந்து தங்கிவிட்டுப் போவதோடு சரி, இந்த வருடம் நவம்பரிலிருந்து குடும்பத்தோடு அங்கேயே இருக்கப் போகிறோம். உறைபனி விழும் இடம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கல் சுவர், மேலே தகர ஷீட், அதற்குக் கீழே மரப்பலகை மச்சு. ஹாலில் வெள்ளைக்காரர் காலத்து ஃபயர்பிளேஸ் ஒன்று உண்டு. பற்ற வைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். சூடு முழுக்கப் புகைக்கூண்டு வழியாக மேலே போய்விடுகிறது, காற்று திசை மாறினால் புகை ஹாலுக்குள்ளேயே திரும்புகிறது. மாமியாருக்கு ஆஸ்துமா. குழந்தைகள் இருவர், பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு இரண்டு.

அதனால் கதவு வைத்த இரும்பு விறகு ஸ்டவ் ஒன்றை அந்த ஃபயர்பிளேஸ் முன்னால் வைத்து, அதன் குழாயைப் பழைய புகைக்கூண்டுக்குள் விடலாம் என்று யோசனை. டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டேன். காஷ்மீர் பக்கம் வைக்கும் புகாரி மாதிரி தகட்டில் செய்து தருகிறேன், குழாய்க்கு ஜி.ஐ. பைப் போட்டு இரண்டு அடி உள்ளே நீட்டிவிட்டால் போதும், மிச்சத்தைப் பழைய கூண்டு பார்த்துக்கொள்ளும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி முழுக்க எரிய விடலாமா என்றும் தெரியவில்லை. மாமியார் சொல்வது வேறு: அந்தக் காலத்தில் குமுட்டியில் தணல் அள்ளிப்போட்டுப் படுக்கை அறையில் வைத்துக்கொள்வார்களாம், இத்தனை செலவு எதற்கு என்று கேட்கிறார். இதை வைத்துப் பழகியவர்கள் தயவு செய்து விவரமாகச் சொல்லுங்கள்.

குன்னூர்_பட்டறை

சார், நான் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் மனசு ஒப்பாதது சரியான காரணத்தோடுதான்.

முதலில் ஜி.ஐ. பைப் வேண்டாம். அதன் மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும், விறகு ஸ்டவ்வில் புகை வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை. துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் மாதிரி வரும், பூச்சு போன பிறகு பைப்பும் சீக்கிரம் அரித்து ஓட்டை விழும். ஸ்டவ்விலிருந்து கூண்டு வரை கனமான கறுப்பு இரும்புக் குழாயோ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயோ போடுங்கள்.

அடுத்தது, இரண்டு அடி நீட்டி நிறுத்துவது. உங்கள் ஃபயர்பிளேஸ் கூண்டு திறந்த தீக்காகக் கட்டியது, உள்ளே ஆள் தலை நுழையும் அளவுக்கு அகலம் இருக்கும். ஆறு அங்குலக் குழாயிலிருந்து வரும் புகை அந்தப் பெரிய குளிர்ந்த பொந்துக்குள் போனதும் சூடு இழந்து மெதுவாகி நின்றுவிடும். குளிர்ந்த புகையிலிருந்துதான் தார் மாதிரி கறுப்பாகச் சுவரில் ஒட்டுகிறது, கிரியோசோட் என்பார்கள், புகையின் சூடு 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது படிய ஆரம்பிக்கும். ஒருநாள் நல்ல பெரிய தீ போடும்போது அந்தப் படிவே பற்றிக்கொள்ளும். அதனால் ஸ்டவ்வின் வாய் என்ன அளவோ அதே அளவில் எஸ்.எஸ். லைனர் குழாய், கீழிருந்து கூண்டின் உச்சி வரை முழுசாகப் போக வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் இந்த வேலை மொத்தத்திலும் பணத்தைக் குறைக்கக் கூடாத இடம் இது. ஸ்டவ்வைக்கூட நீங்கள் சுமாரானதாக வாங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

லைனர் இறக்கும் முன்னால் பழைய கூண்டைச் சோதித்துவிடுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, நூறு மழைக்காலம் பார்த்தவை, உள்ளே காரை உதிர்ந்து கல்லுக்குக் கல் இடைவெளி விட்டிருக்கும். கீழே ஈரத் தழை போட்டுப் புகை கிளப்பி, மேலே ஒருவர் நனைத்த சாக்கால் கூண்டின் வாயை மூடிக்கொண்டால் மச்சுக்குள் எங்கே புகை கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க வேண்டாம், உங்கள் மாமியார் முக்கியமாக. குருவிக் கூடு, தேன்கூடு எல்லாம் இருக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வெளிக்காற்றின் எடைக்கும் உள்ளே இருக்கும் சூடான காற்றின் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது, காற்றே லேசாக இருக்கும் இடத்தில் அந்த இழுப்பும் குறையும். சமவெளிக்குச் சொன்ன உயரம் நமக்குப் பற்றாது, கொஞ்சம் கூட வைக்க வேண்டும். குறைந்தபட்சக் கணக்கு: குழாய் கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து மூன்று அடியாவது மேலே போக வேண்டும், பத்து அடி தூரத்துக்குள் இருக்கும் எந்தக் கூரை முகட்டையும் விட இரண்டு அடியாவது உயரமாக இருக்க வேண்டும். காற்று திசை மாறும்போது உங்களுக்குப் புகை திரும்புவதற்குப் பக்கத்துக் கூரை முகடு உயரமாக இருப்பதே காரணமாக இருக்கலாம், அதையும் ஏறிப் பாருங்கள்.

பட்டறைக்காரர்கள் பலர் தலைகீழாகச் செய்யும் ஒன்று இருக்கிறது. குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும்போது மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் இறங்கி உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் உள்ளே வடியும் தார் இணைப்பு வழியாக வெளியே ஒழுகும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம், படுக்கையாகப் போகும் பகுதி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மரம்தான் எனக்கு உங்கள் வீட்டில் பெரிய கவலை. பட்டறையில் செய்த ஸ்டவ் என்றால் எரியக்கூடிய எந்தப் பொருளும் அதற்கு மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது, ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு ஒன்றரை அடி. இது பலகைச் சுவர், மச்சு, சோபா, ஜன்னல் திரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கையை வைத்தால் சுடவில்லையே என்று நினைக்க வேண்டாம், மரம் வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகிக் கரியாக மாறிக்கொண்டே போகும், அப்புறம் முன்பு தாங்கிய சூட்டிலேயே பற்றும். பத்து வருடம் ஒன்றும் ஆகாத வீடு பதினோராவது வருடம் எரிவது இப்படித்தான். ஸ்டவ் கதவுக்கு முன்னால் தரையில் ஒன்றரை அடிக்குக் கல்லோ டைல்ஸோ இருக்கட்டும், உங்கள் ஹால் தரை பலகையாக இருந்தால் கட்டாயம்.

பழைய_ஊட்டி

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. நாங்கள் சின்ன வயதிலிருந்து குமுட்டியில் கரி போட்டு அறையில் வைத்துத்தான் தூங்கியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. கரி நன்றாகச் சிவந்த பிறகு உள்ளே கொண்டு வர வேண்டும், புகை இருக்காது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும். உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை.

இரவு_ஷிஃப்ட்

மேலே சொன்னவர் பெரியவர் என்று நினைக்கிறேன், மரியாதையோடுதான் சொல்கிறேன், ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன்.

குளிர்காலத்தில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிக் காலையில் எழுந்திருக்காத செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். காரணம், நீங்கள் நல்லது என்று சொல்லும் அதே விஷயம். கரி சிவந்த பிறகு புகை இல்லை, வாசனை இல்லை, கண் எரியவில்லை. கார்பன் மோனாக்சைடு மட்டும் நிறைய வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்வது என்று வரும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது, தூக்கம் ஆழமாகிக்கொண்டே போகும். ஒரு விரல் ஜன்னல் எதற்கும் உத்தரவாதம் இல்லை, உறைபனி விழும் இரவில் காற்று அசைவே இருக்காது. இத்தனை வருடம் உங்களுக்கு ஒன்றும் ஆகாதது ஓட்டுக்கூரை, சந்து விட்ட கதவு, இவற்றால் இருக்கலாம். இப்போது எல்லோரும் ஜன்னல் ஓரத்தில் ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள் தம்பி: விறகு ஸ்டவ்வுக்குப் புகை வெளியே போக வழி இருக்கிறது, குமுட்டிக்கு அறைதான் புகைக்கூண்டு. அதனால் ஸ்டவ்விலிருந்து தணலை அள்ளி வேறு அறைக்குக் கொண்டுபோகும் பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் குறைகிறது என்றால் சளி, பித்தம் என்று நினைக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 108க்குப் போன் செய்யுங்கள். கோவிட் சமயத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கும், அதை மாட்டிப் பார்த்துவிட்டு 98 காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. அந்தக் கருவியால் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க் வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும், அதனால் ஆஸ்பத்திரி வருவதில் தாமதம் கூடாது. கர்ப்பிணி இருந்தால் தாய் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அழைத்து வர வேண்டும், வயிற்றுக் குழந்தைக்குப் பாதிப்பு அதிகம்.

அலாரம் கட்டாயம் வாங்குங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. பெட்டியில் இ.என். 50291 அல்லது யு.எல். 2034 என்று தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். புகை அலாரம் வேறு, சமையல் கேஸ் கசிவு அலாரம் வேறு, இரண்டும் இந்த வேலையைச் செய்யாது. ஸ்டவ் இருக்கும் ஹாலில் ஒன்று, ஸ்டவ்வுக்கு மூன்று அடிக்குக் குறையாத தூரத்தில். படுக்கை அறை ஒவ்வொன்றிலும் ஒன்று, கட்டிலில் படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்தில். சமையல் கேஸ் போல இது தரையில் தேங்குவதில்லை, காற்றோடு கலந்தே நிற்கும். சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்னால் போட்டிருக்கும் வருடம் முடிந்ததும் பேட்டரியை மட்டும் மாற்றாமல் கருவியையே மாற்றிவிடுங்கள்.

ஒஸ்லோ_யாழ்

வணக்கம். நான் இருப்பது நோர்வேயில். இங்கே விறகு அடுப்பு இல்லாத தனி வீடு குறைவு. நம்மவர்கள் எண்பதுகளில் வந்து வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த காலத்திலிருந்து இதோடுதான் குளிர்காலம் கழிக்கிறோம். குன்னூர்த் தம்பி பொருத்துவதைப் பற்றி எழுதிவிட்டார், நான் எரிக்கிற விதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஊரில் நாங்கள் அடியில் சுள்ளியை வைத்து மேலே கட்டையை அடுக்கிப் பற்ற வைத்துப் பழகியவர்கள். இந்த அடுப்புக்கு அதை மாற்றிச் செய்ய வேண்டும். பெரிய கட்டை இரண்டை அடியில் வையுங்கள், அதன் மேல் குறுக்காகச் சிறியது, எல்லாவற்றுக்கும் மேலே பென்சில் தடிப்பில் காய்ந்த சுள்ளி. நெருப்பை உச்சியில் வைக்க வேண்டும். நெருப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், கீழே இருக்கும் கட்டை சூடாகி விடுகிற வாயு மேலே இருக்கும் சுவாலையைக் கடந்து போகும்போது எரிந்துவிடும். அடியில் பற்ற வைத்தால் அந்த வாயு எரியாமல் புகையாகக் குளிர்ந்த குழாய்க்குள் போய் ஒட்டும். முதல் தரம் செய்து பார்க்கும்போது இது பற்றாது என்றுதான் தோன்றும், பொறுமையாக இருந்தால் விளங்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் ஒன்றும் கிட்ட வரக் கூடாது.

பற்ற வைக்கும் முன் அடுப்பின் கதவைத் திறந்து ஊதுபத்தி ஒன்றைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் குழாயில் குளிர்ந்த காற்று அடைத்து நிற்கிறது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, ஒரு தாள் பேப்பரைச் சுருட்டிக் குழாய் வாயருகில் எரித்தால் இழுக்கத் தொடங்கும், அப்புறம் விறகைப் பற்ற வையுங்கள்.

காற்று வரும் மூடியை முழுக்கத் திறந்தே தொடங்க வேண்டும். கட்டைகள் நன்றாகப் பிடித்த பிறகு, கால் மணி நேரம் இருபது நிமிடம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் மஞ்சள் சுவாலை துள்ளிக்கொண்டு இருக்க வேண்டும். சுவாலை இல்லாமல் கட்டை கறுத்துக் கனன்றுகொண்டு இருந்தால், அல்லது கதவுக் கண்ணாடி கறுத்தால், காற்று போதாது அல்லது விறகு ஈரம். வெளியே போய்ப் பாருங்கள், ஆரம்பப் புகை போன பிறகு குழாய் உச்சியில் கண்ணுக்குத் தெரிகிற புகை வரக் கூடாது. குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், வெளிப்பக்கத்தில் 115க்கும் 245 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் நின்றால் நல்லது. குழாய் சிவந்தால் அளவுக்கு மிஞ்சி எரிகிறது, உடனே காற்றைக் குறைக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க விடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பெரிய கட்டையைத் திணித்து, காற்றை அடைத்து, விடியும் வரைக்கும் கனல விடுவதுதான் இந்த அடுப்பில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். வீட்டைச் சூடாக்காது, குழாயைத் தாரால் நிரப்பும், குறைந்த சூட்டில் இழுப்பும் நின்றுபோய் அந்த நர்ஸ் அக்கா சொன்ன விஷம் உள்ளே திரும்பும். படுக்கப் போவதற்கு முன்னாலேயே கடைசிக் கட்டையை வைத்து, அது எரிந்து முடியட்டும், தணல் இருக்கும் வரைக்கும் காற்று மூடியை முழுக்க அடைக்காதீர்கள். உங்களுடையது கல் சுவர், மாலை முழுக்க நன்றாக எரித்திருந்தால் சுவரே வெகுநேரம் சூடு தரும். விறகு எரியும்போது கதவைத் திறக்க வேண்டி வந்தால் முதலில் ஒரு விரல் அளவு திறந்து கொஞ்சம் பொறுத்து, பிறகு முழுக்கத் திறவுங்கள், இல்லையென்றால் புகை வெளியே பாயும்.

இங்கே புதிய அடுப்பென்றால் 1998இலிருந்து புகையைக் குறைத்து எரிக்கிற வகைதான் பொருத்தலாம். அடுப்பை நாமே வைக்கலாம், ஆனால் தகுதி உள்ள ஆள் வந்து சரி பார்க்க வேண்டும், நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். புகைக்கூண்டைத் துடைப்பதும் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் நகரசபைத் தீயணைப்புப் பிரிவின் வேலை, அதற்குக் கட்டணம் கட்டுகிறோம். உங்கள் ஊரில் அப்படி ஆள் வரமாட்டார் என்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது, குளிர் தொடங்கும் முன், லைனர் அளவுக்கு ஏற்ற பிரஷ்ஷும் நீளக் கம்பியும் வைத்து நீங்களே துடைக்க வேண்டும். பளபளவென்று கண்ணாடி போலத் தார் ஒட்டியிருந்தால் பிரஷ்ஷுக்கு வராது, அந்த நிலையில் அடுப்பை எரிக்கக் கூடாது.

கூண்டுக்குள் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. பெரிய லொறி வீட்டுக்குள் வருவது போல ஒரு இரைச்சல் கேட்கும், உச்சியில் பொறி பறக்கும், உள்ளே சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அடுப்பின் கதவையும் காற்று மூடியையும் அடைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்த் தீயணைப்பைக் கூப்பிடுங்கள், உங்களுக்கு 101 என்று நினைக்கிறேன். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதிநீராவியாகப் பாயும், சூடான கூண்டு வெடித்துவிடும். தானாக அணைந்தாலும் ஒரு ஆள் ஏறிப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் திரும்பப் பற்ற வைக்கக் கூடாது.

தலைகுந்தாக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் நர்ஸ் அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், குமுட்டி பேச்சு நின்றது. லைனர் முழுசாகப் போடுவது என்று முடிவு. மச்சைத் தாண்டிக் குழாய் போகாது, பழைய கல் கூண்டுக்குள்ளேயே ஏறிவிடும் என்பதில் கொஞ்சம் நிம்மதி.

இப்போது விறகு விஷயம். பக்கத்தில் ஒருவர் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வெட்டிய கட்டை தருகிறேன் என்கிறார், போன மாதம் வெட்டியது. சீகை (வாட்டில்) விறகும் கிடைக்கிறது. இந்த ஊர் மழையில் எதையாவது காய வைக்க முடியுமா? சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, அது ஓடினால் பிரச்சினையா? சாம்பலைத் தோட்டத்தில் போடலாமா?

கோத்தகிரி_அக்கா

விறகுக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் வெந்நீரும் சமையலும் இன்னமும் விறகில்தான்.

போன மாதம் வெட்டிய கற்பூர மரத்தை இந்தக் குளிருக்கு எரிக்க நினைக்காதீர்கள். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும், நீங்கள் போடும் தீ அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கே போய்விடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஸ்டவ்வில் போடலாம். இரண்டு ஊசி வைத்த ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது, ஆனால் கட்டையின் மேல்பக்கத்தில் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும், கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் ஒரு கட்டையில் குறி போட்டு வாராவாரம் எடை போடுங்கள், எடை இறங்குவது நிற்கும் வரை காயவில்லை என்று அர்த்தம்.

நமக்கு வெயிலும் காற்றும் சேர்ந்து கிடைப்பது ஜனவரியிலிருந்து மே வரைக்கும்தான். ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு, எங்கள் கோத்தகிரிப் பக்கம் இரண்டாவதுதான் பலம். ஆகவே இந்த வருடம் எரிக்க வேண்டிய விறகு போன ஜனவரியிலேயே பிளந்து அடுக்கியிருக்க வேண்டும். இந்தக் குளிருக்குப் பழைய விறகாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் சரி, வாங்கும் இடத்திலேயே ஒரு கட்டையைப் பிளந்து ஈரமானி வைத்துப் பாருங்கள். அந்தக் கற்பூரக் கட்டையையும் விட வேண்டாம், வாங்கி உடனே பிளந்துவிடுங்கள். பச்சையாக இருக்கும்போதுதான் பிளக்கும், காய்ந்துவிட்டால் முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கடிக்கும். மணிக்கட்டு தடிப்புக்குப் பிளந்து வைத்தால் இரண்டு கோடையில் அருமையான விறகாகிவிடும். சீகைக்கு ஒரு முழுக் கோடை போதும், நின்று எரியும், எனக்குப் பிடித்ததும் அதுதான். இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்தவை, ஊட்டியில் விறகுக்காகச் சோலைக்காடு, அதாவது இந்த மலையின் இயற்கைக் காடு, அழிந்துகொண்டிருந்ததால்தான் கொண்டுவந்து நட்டார்கள். இப்போது சீகை காட்டுக்குள் பரவி வனத்துறை அதை அகற்றிக்கொண்டிருக்கிறது. சோலை மரம் என்று யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள். உங்கள் சொந்த இடத்தில் இருக்கும் மரமானாலும் வெட்டும் முன்னால் கேளுங்கள், 1955இல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தும், அனுமதி வாங்க வேண்டும்.

அடுக்கும்போது தரையில் வைக்காமல் கல்லோ கம்போ கொடுத்து உயர்த்தி வையுங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். தார்ப்பாய் போட்டு முழுக்க மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும், நிறைய பேர் செய்கிற காரியம் இது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் கரையானும் எலியும் வரும். சுள்ளிக்குக் கவாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியிலிருந்து வெட்டிவிடும் குச்சி, கேட்டுப் பாருங்கள், தேயிலைத் தோட்டங்களில் கவாத்து முடிந்ததும் கிடைக்கும், காய்ந்ததும் சட்டென்று பிடிக்கும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பால் கவர், பிளாஸ்டிக் எதுவும் ஸ்டவ்வுக்குள் போகக் கூடாது. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

சாம்பல் போடலாம், ஆனால் எதற்குப் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும். நம் மண் புளிப்பு மண், சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைக்கும். முட்டைக்கோஸ், பீட்ரூட் பாத்தியில் லேசாகத் தூவலாம். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், அங்கே வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம், புளிப்பு குறைந்தால் கிழங்கில் சொறி வரும்.

குன்னூர்_பட்டறை

அக்கா சாம்பலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார், அதற்கு நடுவில் ஒரு படி இருக்கிறது. மேலே ஆறிப்போன மாதிரி இருக்கும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். மூடி வைத்த இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, கல் தரையில் வைத்து, நாலு நாள் கழித்துத்தான் தூவ வேண்டும். அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் பக்கெட், மரத் திண்ணை, குப்பைத் தொட்டி எதுவும் ஆகாது. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவும் கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டீர்கள், நல்ல கேள்வி. ஜன்னல் எல்லாம் அடைத்த வீட்டில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால் அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும், சுலபமான வழி உங்கள் ஸ்டவ் குழாய்தான், புகையோடு சேர்ந்து வரும். ஸ்டவ் எரியும்போது ஃபேன் போட வேண்டுமானால் சமையலறை ஜன்னலைத் திறந்து, ஹாலுக்குப் போகும் கதவைச் சாத்திவிடுங்கள். இதைவிட நல்லது, ஸ்டவ் வைக்கும்போதே பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு வெளிக்காற்று நேராக ஸ்டவ்வுக்கு வரும்படி நாலு அங்குலக் குழாய் விட்டுவிடுவது. கொத்தனார் இருக்கும்போதே செய்தால் அரைநாள் வேலை. எலி வராமல் வலை அடித்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுப் பையன் இருப்பதால் ஸ்டவ்வைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி கட்டாயம், சுவரில் ஆணி அடித்துப் பிடித்திருக்க வேண்டும், சும்மா நிறுத்தி வைத்தால் பையன் பிடித்து இழுப்பான். அந்த வேலியில் சாக்ஸும் துண்டும் காயப் போடும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். விறகுக் கூடையும் மூன்று அடிக்கு அந்தப் பக்கம்தான்.

ஸ்டவ் கதவைச் சுற்றிக் கண்ணாடி இழைக் கயிறு ஒட்டியிருக்கும். ஸ்டவ் ஆறியிருக்கும்போது ஒரு துண்டு பேப்பரைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். முதல் முறை பற்ற வைக்கும்போது பெயின்ட் வேகும் நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துச் சின்னச் சின்னத் தீயாக இரண்டு மூன்று தடவை எரித்துவிட்டுப் பிறகு பெரிய தீ போடுங்கள், அன்றைக்கு மாமியாரை யாராவது சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள். லைனர் இறக்கும் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், புகைச் சோதனை நாளில் நான் அந்தப் பக்கம் இருந்தால் வந்து பார்க்கிறேன்.